மனனக் கட்டுரையும் மாணவரின் வாசிப்பும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிட்டுகின்றது. பத்திரிகையில் நெடுங்காலம் இருந்தவர் என்பதால் திருத்தித் தருவார் என்று உறவினரும் அயலவரும் கொண்டுவந்து தருவார்கள். கொப்பிகள் வேறு, கையெழுத்து வேறு. கட்டுரை மட்டும் ஒன்றுதான். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும். முதற் பந்தியில் ஒரு குறள், நடுவிற் பாரதியாரின் இரண்டு அடிகள், இறுதியில் நாம் அனைவரும் உறுதி பூணுவோமாக என்றொரு வேண்டுகோள். தலைப்பு சூழல் மாசடைதலாயினும் நேர முகாமைத்துவமாயினும் இந்த அமைப்பில் மாற்றமில்லை.

நல்ல கட்டுரை எழுத இலக்கியம் படியுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது சரியே. ஆனால் கலியாண வீட்டு வாசலில் வெட்டிக் கட்டிய வாழைமரம் போலக் கட்டுரையின் வாசலில் இலக்கியத்தைக் கட்டிவைக்கவே பிள்ளைகள் பழக்கப்படுகின்றார்கள். அது குலை தள்ளப் போவதில்லை.

நான் மாணவனாக இருந்தது 1960களில். எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் நாளிதழ்கள் வரும். 1959இல் க. கைலாசபதி தினகரன் ஆசிரியராகப் பொறுப்பேற்ற பின்னர் ஈழத்து எழுத்தாளர்களுக்கு அப்பத்திரிகையில் விரிந்த களம் கிடைத்திருந்தது. அதன் பயனை நாங்கள் வாங்கிலே இருந்து அனுபவித்தோம். வீட்டிலோ ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் இருந்தன. நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு, கள்ளுண்ணல் என்ற தலைப்புகளிற் சிறு கட்டுரைகள் உண்டு. அறிவுரைதான்; பதினான்கு வயதில் எவரும் விரும்பிப் படிக்கும் பொருளன்று. ஆயினும் ஒரு வாக்கியம் முடிந்த பின்னரே அடுத்த வாக்கியம் தொடங்க வேண்டும், முன்னது சொன்னதிலிருந்தே பின்னது பிறக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தவை அவைதாம். சாதி விடயத்தில் நாவலரோடு என்னால் உடன்பட முடியாது. அவருடைய வசனத்துக்கு நான் பட்ட கடன் அதனாற் குறைந்துவிடவுமில்லை. 1872இல் அவர் எழுதிய 'யாழ்ப்பாணச் சமயநிலை'யைப் பின்னர் படித்தபோது, அதே வசனம் ஊர்ப் பெரியவர்களை நேர்நின்று கேள்வி கேட்கவும் வல்லது என்பது தெரிந்தது.

எனினும், கட்டுரை என்றால் என்ன என்ற எண்ணத்தையே மாற்றியவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுங்கூட. அவரது 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அந்த நூல் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலுள்ள ஒரு பகுதியிலிருந்து கிளைத்தது. அங்கே யாழாசிரியனின் இலக்கணம் கூறப்படுகின்றது. நம்மவர் அவ்வடிகளை மேற்கோள் காட்டி, பண்டைத் தமிழரின் பெருமையைப் பாராட்டி, அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். விபுலாநந்தர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த யாழ் எத்தகையது? அதற்கு எத்தனை நரம்பு? ஒரு நரம்பின் சுருதிக்கும் மற்றதன் சுருதிக்கும் உள்ள கணக்கு யாது? இக்கேள்விகள் அவரைப் பல்லாண்டுகள் ஆட்கொண்டன. கணிதமும் பௌதிகமும் தமிழ்ச் செய்யுளுக்கு உரையாசிரியர்களாக வந்தன. அந்நூலின் கணக்குகள் யாவும் அன்று எனக்கு விளங்கின என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் இலக்கிய அடி கட்டுரைக்கு அலங்காரமாக மட்டுமன்றி, அது விடைகாண முயலும் கேள்வியாகவும் இருக்கலாம் என்பது விளங்கிற்று.

சி.வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளையும் இங்கே சொல்லவேண்டும். கையிற் பட்டதும் சிதையும் ஏட்டுச் சுவடிகளின் நிலையை அவர் எழுதியிருப்பதை எந்த நிருபரும் படிக்கலாம். அங்கே புலம்பல் இல்லை. கண்ணாற் கண்டது இருக்கின்றது.

எழுதத்தக்க பொருள் எது என்பதைக் கற்றுத்தந்தவர்கள் வேறு சிலர். டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கியபோது யாழ்ப்பாண நகரிற் சிகையலங்கார நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. நாங்கள் அன்றாடம் கண்டும் காணாதிருந்த வாழ்வு, எங்கள் ஊரின் பேச்சோடு அச்சில் ஏறியிருந்தது. இவை இலக்கியமா என்று பண்டிதர்கள் சிலர் கேட்டார்கள். எங்களுக்கு அந்த ஐயம் இருக்கவில்லை.

இந்த வரிசை இன்றைய பிள்ளைகளுக்குக் கிட்டாமற்போனதற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அடுத்து வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. 2009இற்குப் பின்னர் பாடசாலைகள் மீளக் கட்டப்பட்டன; வாசிக்கும் பழக்கத்தை ஒப்பந்தகாரரைக் கொண்டு கட்ட இயலாது. அந்த வெற்றிடத்தைத்தான் தனியார் கல்வி நிலையங்களின் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் நிரப்பின.

அண்மையில் முல்லைத்தீவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையைக் காட்டினாள். பேராதனைப் பூங்காவின் வனப்பு இரண்டு பக்கங்களில் வர்ணிக்கப்பட்டிருந்தது. போயிருக்கிறாயா என்று கேட்டேன். வவுனியாவுக்கு அப்பால் தான் போனதேயில்லை என்றாள். தகப்பனார் கரைவலைத் தொழிலாளி. அதைப் பற்றிக் கேட்டதும் அரை மணி நேரம் ஓயாமற் பேசினாள்: வாடி போடும் காலம், வலை இழுப்போர் பாடும் அம்பா, மடி கரைக்கு வரும்போது சிறுவர்கள் ஓடுவது, சம்மாட்டிக்கும் இழுப்போருக்கும் இடையே பங்கு பிரிப்பது. ஒவ்வொன்றும் வரிசையாகவும் தெளிவாகவும் வந்தன. இதை எழுதலாமே என்றேன்.

"அதுக்குப் புள்ளி போடுவினமோ, ஐயா?"

தன் வாழ்வு கட்டுரைக்கு உரியதன்று என்று பதினாறு வயதுப் பிள்ளை நம்புகின்றாள். பத்து ஆண்டுகள் தமிழ் படித்துப் பெற்ற முடிவு இது. எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். நான் அஞ்சுவது இந்த நம்பிக்கையைக் கண்டுதான். பத்திரிகைகளுக்கு வரும் இளம் செய்தியாளர்களிடமும் இதே நோயைக் கண்டிருக்கின்றேன். வெள்ளம் புகுந்த கிராமத்துக்குப் போய்த் திரும்பியவர், இயற்கையின் சீற்றம் என்று எழுதுவார். முழங்காலளவா இடுப்பளவா என்று எழுதமாட்டார்.

பாடசாலைகளாற் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பாடவேளையில் நாவலரின் ஒரு பந்தியையோ தாமோதரம்பிள்ளையின் ஒரு பக்கத்தையோ வகுப்பில் உரக்கப் படித்து, இந்த வாக்கியத்துக்குப் பின் ஏன் அந்த வாக்கியம் வந்தது என்று மட்டும் கேட்கலாம். நூல் இல்லை என்று இனிச் சொல்லமுடியாது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் 'மல்லிகை' இதழ்கள் உட்பட ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம்.

மாணவி கரைவலையைப் பற்றி எழுதினாள். பங்கு பிரிக்கும் இடத்தில், தகப்பனாரின் கையில் ஒரு நாள் எவ்வளவு வந்தது என்ற தொகையையும் குறித்திருந்தாள். முன்னுரையும் முடிவுரையும் இல்லையென்று சிவப்பு மையில் எழுதப்பட்டுப் புள்ளி குறைக்கப்பட்டிருந்தது. இன்னும் சில மாதங்களில் அவள் பரீட்சைக்குத் தோற்றவிருக்கின்றாள். அங்கே எந்தக் கட்டுரையை எழுதுவது என்று கேட்டிருக்கின்றாள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், அவளுக்கு நான் என்ன சொல்வது என்று அறியத்தாருங்கள்.