தூங்கா நகரத்தில் பசிக்கு மட்டும் ஊரடங்கா?

ராத்திரி 1 மணி. பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டு வந்த லாரி டிரைவர் கேட்கிறார்: "தம்பி, சாப்பிட ஏதாச்சும் கிடைக்குமா?"

என்ன பதில் சொல்வது? ரோட்டோர பரோட்டா கடையில் அடுப்பு அணைந்து போச்சு. "நேரமாச்சு, கடையைச் சாத்து" என்று போலீஸ் விசில் கேட்டாச்சு!

24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் உத்தரவு போட்டது. 2022-லும், 2025-லும் அதை நீட்டித்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி! 10 பேரோ, அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைக்குத்தான் அந்தச் சலுகை.

பரோட்டா மாஸ்டர் ஒருவர், சப்ளையர் ஒருவர், இலை எடுக்க ஒருவர், கல்லாவில் முதலாளி. மொத்தம் 4 பேர். 10 ஆளுக்கு இவர்கள் எங்கே போவார்கள்?

பெரிய ஏ.சி. கடையில் விடிய விடிய வியாபாரம் நடக்கலாம். மூட்டை தூக்குகிறவர் 2 பரோட்டா சாப்பிட்டால் மட்டும் சட்டம் ஒழுங்கு கெட்டு விடுமா?

"கடை திறந்திருந்தால் ரவுடிகள் கூடுவார்கள்" என்கிறார்கள். தினம் வழிப்பறி செய்தி எழுதுகிறவன் சொல்கிறேன். திருடனுக்குப் பிடித்தது இருட்டு. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வெளிச்சம் அல்ல!

காமிரா வைக்கச் சொல்லுங்கள். சாராயம் ஊற்றிக் கொடுத்தால் பூட்டி சீல் வையுங்கள். ஒழுங்காக நடத்துகிற சின்னக் கடைக்கும் அனுமதி கொடுங்கள்.

தூங்கா நகரம் என்று பேர் இருந்தால் போதாது. அடுப்பும் எரிய வேண்டும்!