ஆதாரம்: கூகுள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தம்பி பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கே மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. கீழடி பற்றி எழுதிய அசைன்மென்ட்டைக் காட்டினாள். 14 பக்கம், கலர் படங்கள், ஸ்பைரல் பைண்டிங். கடைசியில் 'ஆதாரம்: கூகுள், விக்கிப்பீடியா, யூடியூப்'. அதற்குக் கீழே ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் பெயர். மதிப்பெண் 10க்கு 9.

நாலாம் பக்கத்தில் 'கீழடி 10,000 ஆண்டுகள் பழமையானது' என்று இருந்தது.

"இது யாரு தாயி சொன்னது?"

"நம்ம ஃபேமிலி குரூப்லதான் தாத்தா வந்துச்சு. நீங்ககூடக் கை தட்டி இருந்தீங்களே."

தட்டித்தான் இருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி இருவரும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். இல்லை. இணையத்தில் தேடினோம். புத்தகமும் இல்லை, அதை எழுதியவரும் இல்லை. ஏஐ கொடுத்த பெயராம். இல்லாத புத்தகத்துக்கு டிக் அடித்து 9 போட்ட பேராசிரியரை என்ன சொல்ல?

கீழடி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சிலைமான் தாண்டினால் வந்துவிடும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையைத் தமிழிலேயே படிக்கலாம். 2018 அகழாய்வில் எடுத்த 6 கரிம மாதிரிகளை அமெரிக்காவில் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205. எந்த ஆழம், எந்த மாதிரி, எந்த ஆய்வகம் எல்லாம் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,600 ஆண்டு. 10,000 எங்கிருந்து வந்தது? சிலர் 5,300 என்கிறார்கள். அது 2025 ஜனவரியில் வந்த இரும்பு பற்றிய அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை. ஊரும் வேறு, பொருளும் வேறு.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். கி.மு. 580 என்பது கரியின் வயது. தமிழி எழுத்துள்ள பானை ஓட்டுக்கும் அதே வயது என்று சொல்ல வேண்டுமானால் இரண்டும் ஒரே அடுக்கில், கலையாத மண்ணில் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். பழனிப் பக்கம் பொருந்தலில் கா. ராஜன் தோண்டிய ஈமச்சின்னத்தில், எழுத்துப் பொறித்த தாங்கியும் நெல்லும் ஒன்றாகவே கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490. அதையும் ஒத்துக்கொள்ளாத அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் படிக்க வேண்டும்.

"இப்படியெல்லாம் கேட்டா நம்ம பெருமையை நாமே குறைக்கிற மாதிரி ஆகாதா தாத்தா?" என்றாள்.

குரூப்பில் என்னைத் 'தமிழ்த் துரோகி' என்று சொன்ன மாப்பிள்ளை கேட்டதும் இதேதான். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதல் இரண்டு கட்டம் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தச் சொல்லி மத்திய தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. மண்ணடுக்கையும் கரிமக் கணக்கையும் காட்டித் திருத்த மாட்டேன் என்றார். அந்த மனுஷன் எதிர்த்து நின்றது அந்த அடுக்கையும் கணக்கையும் வைத்து. நம் ஃபார்வர்டை வைத்து இல்லை. டெல்லி ஆதாரம் கேட்டால் கொதிக்கிற நாம், ஆதாரமே இல்லாமல் பத்தாயிரம் என்று கூவினால், கீழடியை மட்டம் தட்டக் காத்திருக்கிறவனுக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுத்த மாதிரிதான்.

'40 வீடியோவில் சொல்கிறார்களே' என்பார்கள். ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய 40 ஏடும் ஒரே சாட்சிதான். உ.வே.சா. ஒரு பிரதியை நம்பி அச்சுக்குக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. ஊர் ஊராக அலைந்து ஒப்பிட்டுப் பார்த்தார், பாட வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். 1894-இல் புறநானூறு அப்படித்தான் வந்தது. ரயிலும் தபாலும் மட்டும் இருந்த காலம்.

எனக்கும் பங்கு உண்டு. 34 வருஷம் நோட்ஸ் சொல்லி எழுத வைத்தவன் நான். 'இது எந்தப் புத்தகத்தில் இருக்கு சார்?' என்று கேட்ட ஒரு பையனை பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அவன் இதைப் படிக்கிறான் என்று தெரியும். மன்னித்துக்கொள்ளப்பா.

பேத்தி திரும்ப எழுதிவிட்டாள். 14 பக்கம் 5 பக்கமாகிவிட்டது. 580-க்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகம் போகிறோம், வருகிறவர்கள் சொல்லுங்கள்.

கமெண்ட்டில் என்னைத் திட்டுகிறவர்கள் புத்தகத்தின் பெயர், பக்க எண்ணோடு திட்டவும்.