பச்சையை அழிக்கப் போகிற பிள்ளைகளுக்குத் தவணை வைக்காதீர்கள்

நீளமான பதிவு. வீட்டில் இளம் பொடியன்மார் இருக்கிறவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஒவ்வொரு பெருநாள் லீவிலும் யாராவது ஒரு வாப்பாவோ உம்மாவோ என்னிடம் வந்து கேட்கிற கேள்வி இது: "சேர், கையில குத்தின டட்டூவ லேசரால அழிக்க ஏலுமாம். உண்மையா?" ஓஎல் எழுதிவிட்டுக் கொழும்புக்கும் புத்தளத்துக்கும் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஆறு மாதத்தில் கையில் ஏதோ ஒன்றோடு திரும்பி வருகிறார்கள். ஒருவன் ஆங்கில எழுத்து, இன்னொருவன் சிங்கத்தின் தலை, இன்னொருவன் பிறகு பிரிந்து போன ஒரு பெயர். ஒரு வருடம் நீளக் கை சேர்ட்டுக்குள் ஒளித்து வைப்பான். கல்யாணப் பேச்சு வரும், அல்லது கட்டார் விசா வரும். அப்போதுதான் வீட்டில் நெருப்புப் பற்றும். "ரெண்டு மாசத்துக்குள்ள இத அழிச்சிட்டு வா."

ரெண்டு மாதத்தில் அழிக்க ஏலாது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான்.

போன வருடம் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவன், முழங்கைக்குக் கீழே இருந்த ஒரு பெயரை அழிக்க மரமுந்திரிகைக் கொட்டைத் தோட்டின் எண்ணெயைத் தடவினான். கொண்டச்சி ஆட்களுக்கு அந்த எண்ணெயைப் பற்றி விளக்கம் தேவையில்லை. கஜுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் சின்ன வயதில் வாயிலோ விரலிலோ ஒரு தடவையாவது சுட்டிருக்கும். இவன் வேண்டுமென்றே தடவி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறான். கொப்பளம் உடைந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது அந்த இடத்தில் தடித்த தழும்பு. தழும்புக்கு அடியில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது, வாசிக்கவும் முடிகிறது. பெருநாளைக்கு முதல் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் தவணை வைத்திருந்தார்களாம்.

ஏன் அழியவில்லை? நாம் தோல் என்று தொட்டுப் பார்ப்பது மேல்தோல். அது சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். டட்டூ ஊசி அதையும் தாண்டி உள்தோலில் மையை வைக்கிறது. உடம்பு அந்த மையை அந்நியப் பொருளாகக் கண்டு அதை விழுங்கிவிட ஒரு வகை உயிரணுக்களை அனுப்புகிறது. அவை விழுங்குகின்றன, ஆனால் மைத்துணிக்கை பெரியது, செரிக்க முடியவில்லை. வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றன. அந்த உயிரணு செத்தால் மை வெளியே விழும், பக்கத்தில் வருகிற புது உயிரணு அதை விழுங்கிக்கொள்ளும். 2018இல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் எலிகளில் இதைக் காட்டினார்கள். பச்சை ஆயுளுக்கும் நிற்பது இதனால்தான். எண்ணெய், அசிட், உப்புப் போட்டு உரசுவது, சூடு வைப்பது, ஒன்லைனில் விற்கிற "டட்டூ ரிமூவல் கிரீம்" எல்லாம் மேல்தோலைத்தான் எரிக்கும். மை இருக்கிற ஆழத்துக்கு எரித்தால் மிஞ்சுவது தழும்பு. தழும்பு விழுந்த இடத்தில் பிறகு லேசர் செய்வதும் கஷ்டம்.

லேசர் செய்வது வேறு வேலை. கடலுக்குள் கிடக்கிற பெரிய கல்லை அலை அசைக்காது. அதை உடைத்து மணலாக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக அலையே கொண்டு போய்விடும். லேசர் அந்தக் கல்லை உடைக்கிறது. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம் மட்டும் ஒளி பாய்கிறது. சுற்றியிருக்கிற தசை சூடாகுவதற்கு முன்னால் மை வெடித்துத் தூளாகிறது. உலகத்தின் முதல் லேசர் 1960இல் வந்தது. இந்த வேலைக்கு அடிப்படையான, குறித்த ஒரு நிறத்தை மட்டும் குறிவைத்துச் சூடாக்கும் கணக்கை 1983இல் அண்டர்சன், பரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்மார் எழுதினார்கள். தூளை அகற்றுவது லேசர் இல்லை. பிள்ளையின் சொந்த உடம்புதான் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதைக் கொண்டு போகிறது. அதனால்தான் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் இடைவெளி விடுகிறார்கள். காசு கூடக் கொடுத்தாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியாது.

எத்தனை தடவை? இத்தாலியில் 352 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. 10 தடவைக்குப் பிறகு நன்றாக அழிந்தவர்கள் பாதிப் பேர் கூட இல்லை, 47 வீதம். 15 தடவைக்குப் பிறகு 75 வீதம். சிகரட் குடிக்கிறவர்களுக்கு 10 தடவைக்குள் அழிகிற வாய்ப்பு மிகவும் குறைந்து போனது. எட்டு வாரத்துக்குக் குறைவான இடைவெளியில் அவசரமாகச் செய்தவர்களுக்கும் பலன் குறைவு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 தடவை, நடுவில் எட்டு எட்டு வாரம் என்றால் 72 வாரம். ஒன்றரை வருடம் கிட்ட. ஒவ்வொரு தடவையும் கொழும்புக்கு பஸ், ஒரு நாள் சம்பளம், சாப்பாடு. ஒரு தடவையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு நகையை அடகு வைக்காதீர்கள். அதைப் பத்தால் பெருக்கி, பயணச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நண்பன் வீட்டில் வைத்துக் கறுப்பு மையால் குத்திய சின்னப் பச்சை இதைவிட விரைவில் போகும், மை குறைவு என்பதால். (அப்படிக் குத்திக்கொண்டவர்கள் லேசருக்கு முதல் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். ஊசி யார் யாருக்கெல்லாம் போனது என்று யாருக்கும் தெரியாது.) கடையில் மெஷினால் அடர்த்தியாகக் குத்தியது கனக்க நாள் எடுக்கும். கறுப்பு லேசாகப் போகும். பச்சை, நீலம், மஞ்சள் நிறங்கள் அடம் பிடிக்கும். வெள்ளை, தோல் நிறம் கலந்த மைகளில் லேசர் பட்டால் சிலவேளை அழிவதற்குப் பதிலாகக் கறுத்தே போகும். முகம், நெஞ்சு, முதுகை விட மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இருப்பது மெதுவாகத்தான் போகும். இரத்த ஓட்டம் அங்கே குறைவு.

எங்களுடைய தோலைப் பற்றி ஒரு விசயம். லேசர் தேடுவது கறுப்பு நிறத்தை. எங்கள் தோலிலேயே கறுப்பு இருக்கிறது. தவறான மெஷினில் அடித்தால் மையோடு சேர்த்துத் தோலையும் சுட்டுவிடும், வெள்ளைத் திட்டோ கருந்திட்டோ விழும். சில திட்டு மாதங்களில் சரியாகும், சில நிற்கும். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர். போனதும் இந்த நம்பரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்திலிருந்து எழும்பி வாருங்கள். சலூன்களில் முடி அகற்ற வைத்திருக்கிற ஐபிஎல் மெஷின் லேசரே இல்லை, அதை டட்டூவில் அடித்தால் தோல் வெந்துவிடும். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டரா என்பதை அவர்களுடைய இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். முதலில் மன்னார் ஆஸ்பத்திரி ஓபீடியில் காட்டி, தோல் வைத்திய நிபுணர் ஒருவருக்குக் கடிதம் வாங்குங்கள். அழிப்பதா விடுவதா என்று ஒரு டொக்டரின் வாயால் கேட்பது, பேஸ்புக் விளம்பரத்தில் "அஞ்சு தடவையில் கியாரண்டி" என்று வாசிப்பதை விட நல்லது. கியாரண்டி கொடுக்கிறவர் டொக்டராக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

வலி? மரத்துப் போக கிரீம் பூசுவார்கள், கண்ணுக்கு மறைப்புக் கண்ணாடி போடுவார்கள். போடாவிட்டால் மெஷினைத் தொட விடாதீர்கள், பார்வை போகும். பப்படம் பொரிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் தொடர்ந்து ஒரே இடத்தில் விழுவது போல இருக்கும். சின்ன டட்டூ என்றால் சில நிமிடத்தில் முடியும். உடனே அந்த இடம் வெள்ளையாகப் பூத்து, கொஞ்ச நேரத்தில் மறையும். பிறகு சிவக்கும், வீங்கும், கொப்பளம் வரலாம். கொப்பளம் வந்தவுடன் பயந்து உடைக்கக் கூடாது, காய்ந்த தோலை உரிக்கக் கூடாது. ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. இது கடல் தொழில் செய்கிற பிள்ளைக்குச் சின்ன விசயம் இல்லை. படகுக்குப் போகாத நாட்களையும் செலவுக் கணக்கில் சேருங்கள். வயல் வேலை என்றால் கையை மூடிக்கொண்டு செய்யலாம். காய்ச்சல், சீழ், சிவப்புப் பரவுதல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் முடிந்த பிறகும் சிலருக்கு ஒரு நிழல் மிஞ்சும். உற்றுப் பார்த்தால் தெரியும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

சில பிள்ளைகள் என்னிடம், "நயன்தாரா மாத்திக்கிட்டாவே சேர்" என்கிறார்கள். பிரபு என்று குத்தியிருந்ததை பொசிடிவிட்டி என்று மாற்றிக்கொண்டதைச் சொல்கிறார்கள். சினிமாச் செய்தி நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். மேலே இன்னொன்றைக் குத்தினால் மை இரட்டிப்பாகிறது, பிறகு அழிக்க நினைத்தால் வேலையும் இரட்டிப்பாகிறது. எங்கள் மார்க்கத்தில் அது இன்னொரு பச்சை, அவ்வளவுதான்.

மார்க்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேள்வி வரும். பச்சை குத்துவதும் குத்திக்கொள்வதும் ஹராம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, வகுப்பில் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். ஆனால் குத்தியவனை என்ன செய்வது என்பதற்கும் எங்கள் கிதாபுகளில் பதில் இருக்கிறது. ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவி 700 வருடங்களுக்கு முன்பே இதை எழுதிவிட்டார். சிகிச்சையால் அகற்ற முடிந்தால் அகற்ற வேண்டும். அகற்றப் போய் உறுப்புக்கோ அதன் பயனுக்கோ சேதம் வரும், வெளியில் தெரிகிற உறுப்பில் பெரிய அவலட்சணம் வரும் என்று பயந்தால் அகற்றுவது கடமையில்லை, தவ்பா செய்தால் அவன் மேல் குற்றம் இல்லை. லேசர் என்ற ஒன்று கற்பனையிலும் இல்லாத காலத்தில் அந்த மனிதர் பிள்ளையின் கையைப் பற்றி யோசித்திருக்கிறார். நாங்கள் பெருநாளைக்கு முதல், நிக்காஹுக்கு முதல் என்று தவணை வைக்கிறோம். பள்ளியில் ஸப்பில் நிற்கிறவனின் கையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறோம். அடுத்த ஜும்ஆவுக்கு அவன் வருவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கிற மை தண்ணீரைத் தடுக்காது, அவனுடைய வுழூ கூடும். லேசர் செய்த புண்ணில் டொக்டர் தண்ணீர் வேண்டாம் என்றால் கட்டின் மேல் மஸ்ஹு செய்கிற முறை இருக்கிறது, மௌலவியிடம் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லித் தருவார்.

பெண் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளையின் தொழுகையை, தொழிலை, கடனை, போதைப் பழக்கம் இருக்கிறதா என்பதை விசாரியுங்கள். 18 வயதில் குத்திய ஒரு எழுத்துக்காக நல்ல பிள்ளையைத் தட்டிக் கழித்துவிட்டு, பிறகு கை சுத்தமான ஒருவனோடு பிள்ளை படுகிற பாட்டைப் பார்த்த வீடுகள் முசலியில் இல்லையா?

அழிக்க விரும்புகிற பிள்ளைகள் கஜு எண்ணெயையும் அசிட்டையும் விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். வாப்பாவிடம் பேச வேண்டும் என்றாலும் வருகிறேன். பாடசாலை 1.30க்கு விடும், அதற்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.