வீட்டு பிளான் வரையறீங்களா? எண்ணை மாத்தாதீங்க... கோட்டை மாத்துங்க!

தாராபுரத்தில் 30 அடி அகலத்தில் ஒரு மனை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போய்வந்து சேர்த்த பணத்தோடு, வங்கிக் கடனும் வாங்கி ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளானில் குளியலறை அகலம் 4 அடி 9 அங்குலம். "அஞ்சு அடியா இருந்தா நல்லாருக்கும்" என்கிறார் வீட்டம்மா. அவசரத்தில் இருக்கும் டிராஃப்ட்ஸ்மேன், ஆட்டோகேடில் அந்த அளவை டபுள் கிளிக் செய்து '5 அடி' என்று தட்டிவிடுகிறார். எண் மாறிவிட்டது. சுவர் நகரவில்லை.

பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மனையில் கொத்தனார் கயிறு பிடிக்கும்போதுதான் 3 அங்குலம் இடிக்கும். ஒன்று, பக்கத்து அறை குறுகும். இல்லையென்றால், மனையில் விடவேண்டிய காலி இடத்துக்குள் சுவர் போகும். அஸ்திவாரம் போட்ட பிறகு தெரிந்தால் செலவு யார் தலையில்? பேட்டர்ன் அரை அங்குலம் தவறினால் வெட்டிய பீஸ் அத்தனையும் வீண் என்பது இந்தப் பக்கத்து கட்டிங் மாஸ்டர்களுக்குத் தெரியும். பிளானும் அப்படித்தான்.

1982-ல் அறிமுகமான ஆட்டோகேட், இன்று சின்ன ஊர் வரைபட அலுவலகங்களிலும் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் கவனிக்க வேண்டியவை இதோ...

முதலில் யூனிட்ஸ்: வரையும் முன் 'யூனிட்ஸ்' கட்டளையில் 'ஆர்க்கிடெக்சுரல்' தேர்ந்தெடுத்தால் அடி, அங்குலத்தில் வரையலாம். இதில் வெறும் 30 என்று அடித்தால் 30 அங்குலம். எண்ணுக்குப் பின்னால் ஒற்றைக் குறி (') போட்டால்தான் 30 அடி. பலர் வழுக்கி விழும் இடம் இது.

மூலை சேரட்டும்: 'எஃப் 3' அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்நாப்பையும், 'எஃப் 8' அழுத்தி ஆர்த்தோவையும் ஆன் செய்யுங்கள். கோடு நேராக வரும். மூலைகள் இடைவெளி இல்லாமல் சேரும். கண்ணால் பார்த்துச் சேர்த்த மூலை, பெரிதாக்கிப் பார்த்தால் பிரிந்து நிற்கும்.

தனித்தனி லேயர்: சுவர், கதவு-ஜன்னல், அளவுகள், எலெக்ட்ரிகல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு லேயர் வையுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கும் கொத்தனாருக்கும் வேண்டியதை மட்டும் காட்டி பிரின்ட் எடுக்கலாம்.

சுவரை நகர்த்துங்கள்: குளியலறையைப் பெரிதாக்க 'ஸ்ட்ரெட்ச்' இருக்கிறது. நகரவேண்டிய சுவரை வலமிருந்து இடமாகக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்து 3 அங்குலம் நகர்த்துங்கள். அளவுக்கோட்டின் முனைகளும் அந்தக் கட்டத்துக்குள் வரட்டும். அந்த எண் தானாக மாறும். அதைவிட முக்கியம், பக்கத்து அறையின் அளவும் குறைந்து காட்டும். எந்த அறை சுருங்கும் என்பது திரையிலேயே தெரிந்துவிட்டால், வீட்டுக்காரரிடம் அப்போதே கேட்டுவிடலாம். ஓர் அளவின் மேல் சந்தேகம் வந்தால், பிராப்பர்ட்டீஸில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' கட்டத்தைப் பாருங்கள். அங்கே எண் இருந்தால் யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். அதை அழித்தால் உண்மையான அளவு வந்துவிடும்.

ஃபைல் திறக்கவில்லையா?: அதே ஃபோல்டரில் அதே பெயரில் 'பி.ஏ.கே' என்று முடியும் ஃபைல் இருக்கிறதா எனப் பாருங்கள். ஒரு காப்பி எடுத்து, பெயரின் முடிவை 'டி.டபிள்யூ.ஜி' என மாற்றித் திறந்தால், கடைசி சேவுக்கு முந்தைய வேலை கிடைக்கும்.

வீடு கட்டுபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிளானை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காதீர்கள். போட்டோ மங்கினால் 3 எது, 8 எது என்று குழப்பம் வரும். பி.டி.எஃப் ஆகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை, அறைகளின் அகலத்தையும் சுவர்களின் கனத்தையும் கூட்டிப் பாருங்கள். வெளி அளவோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால், கயிறு பிடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கோட்டை அழிக்கக் காசு இல்லை. சுவரை இடிக்கத்தான் காசு!