பாதி விழுந்தா கை தட்டு!

2024 பிப்ரவரி 28-ம் தேதி குலசேகரன்பட்டினத்தில் புது ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே கையோடு ஒரு குட்டி ராக்கெட்டையும் விட்டார்கள். பெயர், ரோகிணி ஆர்.ஹெச்.200. உயரம் மூன்றரை மீட்டர். குறுக்களவு 200 மில்லிமீட்டர். நம்ம வீட்டுத் தண்ணீர்க் குடத்தைவிட ஒல்லி! ஆனால் 70 கிலோமீட்டர் வரை ஏறக்கூடிய ஆசாமி. இரண்டு அடுக்கு.

அந்த 'இரண்டு அடுக்கு'தான் நெல்லை டவுன் டீக்கடையில் ஒரு அண்ணாச்சிக்கு இடித்தது.

''என்னவே இது... பாதி ராக்கெட்டு கழண்டு கடல்ல விழுந்துருமாம். அதுக்குப் போயி கை தட்டுதானுவ?''

நான் பி.காம். தெரிந்த பாஷையில் சொன்னேன். ''அண்ணாச்சி, மருந்து எரிஞ்சு தீர்ந்த கூடு, டெட் ஸ்டாக். அதையும் சுமந்துகிட்டுப் போனா மிச்ச மருந்தெல்லாம் அதுக்கே செலவாயிரும். கழட்டி விட்டுட்டா மேல் அடுக்கு லேசாயிரும். விறுவிறுன்னு ஏறும்.''

''குடோனைக் காலி பண்ணுதான்னு சொல்லும்!''

அதேதான். ஆனால் கேட்கத்தான் லேசு. முதல் அடுக்கைத் தரையில் வைத்துப் பற்றவைக்கிறோம். பிடிக்கவில்லையா, ஏன் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம் (உடனே போகக்கூடாது, அது வேறு விஷயம்!). இரண்டாவது அடுக்கு பற்ற வேண்டியது ஆகாயத்தில். அங்கே யார் போய்த் தீக்குச்சி உரசுவது? அதுவும் அந்த நேரம் ராக்கெட் நேரே நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்திருக்கும்போது பற்றினால், சாய்ந்த பக்கமே முழு வேகத்தில் ஓடும். ஆர்.ஹெச்.200-க்கு ஸ்டீரிங் கிடையாது. அதனால் விடுவதற்கு முன்பே காற்றை அளந்து, எந்தக் கோணத்தில் சாய்த்து விட்டால் சரியாகப் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் விடுவார்கள். தும்பாவில் 2022 நவம்பர் 23-ல் தொடர்ச்சியாக 200-வது தடவை வெற்றி. நம்ம டவுன் பஸ்கூட இவ்வளவு ஒழுங்காக ஸ்டாப்பில் நின்றதில்லை!

அமெரிக்காவில் இதை லீவு நாள் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். பெரிய மோட்டார் வாங்க மூன்று படியாக சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டடுக்கு ராக்கெட்டில், போதிய உயரம் போகவில்லை, ரொம்ப சாய்ந்துவிட்டது என்றால் இரண்டாவது அடுக்கைப் பற்றவே விடாத குட்டி எலெக்ட்ரானிக் பெட்டியும் வைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எந்தத் தம்பியாவது இரண்டு சிவகாசி வாணத்தை ஒட்டவைக்க உட்கார வேண்டாம். 1884-ம் வருஷத்து வெடிமருந்துச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விரல்களும் பத்துதான்.

அந்தப் பெட்டி செய்யும் வேலைதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்வது.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3. கடைசி நேரத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. கசிவு இருக்கிறது, ஆனாலும் இருக்கிற எரிபொருள் போதும் என்று நிபுணர்கள் சொல்ல, அப்துல் கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். பின்னாளில் பல மேடைகளில் அவரே சொன்ன கதை. முதல் கட்டம் ஜோர். இரண்டாவது கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. 317 விநாடியில் வங்காள விரிகுடா.

34 வருஷம் கழித்து, 2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி.-டி5. இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. இரண்டாவது கட்டத்தில் இருக்கும் விகாஸ் என்ஜினைச் சோதிப்பது பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில்தான். அதற்கு முன்னால் 2010-ல் இரண்டு ஜி.எஸ்.எல்.வி. கடலுக்குப் போயிருந்தன. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கிளம்ப இன்னும் 74 நிமிஷம். இரண்டாவது கட்டத்தில் கசிவு! இந்தத் தடவை நிறுத்தினார்கள்.

அப்போது ஆபீஸ் கேன்டீன்களில் என்ன கிண்டல்! ''புஸ்வாணம்''னு சொல்லாதவர் பாக்கியில்லை. அவர்களோ ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோய், எரிபொருள் டேங்க்கில் விரிசல் என்று கண்டுபிடித்து, இரண்டாவது கட்டத்தையே புதிதாக மாற்றினார்கள். டேங்க்கின் உலோகக் கலவையையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5-ல் கிளம்பியது. நம்ம கிரையோஜெனிக் என்ஜினோடு முதல் வெற்றி.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே நிற்கிறது. சுற்றிப் போக எரிபொருள் செலவு. குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு அதுதான் பெரிய லாபம். அதனால் தளம் தயாரானதும் திருநெல்வேலி ஜங்ஷனில் குலசை பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க அடிதடியே நடக்கும், பாருங்கள்.

போனவுடனே 'இன்னிக்கு இல்லை'ன்னு மைக்கில் சொன்னால் திட்டாதீர்கள். முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் உடன்குடி, ரெண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கும் சேர்த்து!