பிரசவ மதிப்பீட்டுப் பயிற்சியில் மாதிரி உருவங்கள்: சங்கத்தின் நிலைப்பாடு

மாணவிகள் ஸ்கில் லேபில், அதாவது மாதிரி உருவங்களில் பழகும் கூடத்தில், செலவிடும் நேரத்தை லேபர் வார்டு நேரமாகவே கணக்கில் கொள்ளலாம் என்ற யோசனை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு எடுத்த நிலைப்பாட்டை இங்கே தருகிறோம்.

மாதிரி உருவங்களை வரவேற்கிறோம். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை விரல்கள் பழகிக்கொள்ளும்வரை பொம்மையிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் தவறலாம்.

இதுநாள்வரை அந்தத் தவறுகள் யார் உடலில் நடந்தன? பெரும்பாலும் இலவசப் பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்ணின் உடலில். வலியில் துடிப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மாணவி பி.வி. (உள்பரிசோதனை) பார்ப்பாள், அவள் கையுறையைக் கழற்றுமுன் அடுத்தவள் தயாராக நிற்பாள். 'நாலா, அஞ்சா?' என்ற கேள்வி அந்தப் பெண்ணின் தலைக்கு மேலேயே போய்வரும். காலை ஒடுக்கினால் அதட்டல். இதைப் பயிற்சி என்று அழைக்க எங்களால் முடியவில்லை. பனிக்குடம் உடைந்தபின் ஒவ்வோர் உள்பரிசோதனையும் தொற்று அபாயத்தைக் கூட்டும் என்று வகுப்பில் சொல்லித்தருபவர்கள் நாம்தானே? பிரசவ வலி தீவிரமானபின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும், ஒரே பெண்ணைப் பலர் பரிசோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது. கற்பித்தலுக்காக அப்படிச் செய்யும் வழக்கத்தையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

எனவே பொம்மையில் தேர்ச்சி பெற்றதாக ஆசிரியர் கையெழுத்திடாத எந்த மாணவியும் பிரசவ மேசை அருகே கையுறை அணியக் கூடாது. அணிந்தபின்னும் பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சம்மதம் வேண்டும். பரிசோதனைக்குரிய வேளையில் இயன்றவரை ஒரே ஒரு மாணவி மட்டுமே பார்க்க வேண்டும்.

வார்டு நேரத்தைக் குறைப்பதை ஏற்கவில்லை. கை வைத்த இடத்தில் வயிறு இறுகித் தளர்வதைப் பத்து நிமிடம் எண்ணுவதும், பார்ட்டோகிராப்பை மணிக்கணக்கில் உட்கார்ந்து நிரப்புவதும் வார்டில்தான் வசப்படும். மருத்துவமனை நேரத்தில் பாதிவரை மாதிரிப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்ற 2014 அமெரிக்க ஆய்வைக் கல்லூரி நிர்வாகங்கள் காட்டுகின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு பயிற்சிக்கும் பின் கலந்துரையாடலும் அங்கே இருந்ததை ஏன் மறைக்கிறார்கள்? இங்கே பல கல்லூரிகளில் பொம்மையின் பிளாஸ்டிக் உறை ஆய்வுக்குழு வரும் நாளில்தான் பிரிகிறது. ஈடுசெய்யத்தக்க விழுக்காடு ஏதும் உண்டா என்பது குறித்துச் செயற்குழுவில் கருத்தொற்றுமை ஏற்படாததால் இப்போதைக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை.



கேஸ் புக்கில் பரிசோதனைகளின் எண்ணிக்கை நிரம்ப வேண்டும் என்ற நெருக்கடிதான் மாணவிகளை வரிசையில் நிற்க வைக்கிறது. அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியை மாதிரி உருவத்தில் முடிக்க அனுமதி வேண்டும். சம்மதம் கிடைக்காததால் கேஸ் புக் நிரம்பாத மாணவியைத் தேர்வெழுத விடாமல் தடுத்தால், சங்கம் அவள் பக்கம் நிற்கும்.