மாறும் மூளையும் மாறாத சொல்லும்

சொல்லாராய்ச்சி செய்வார்க்குப் ‘பைத்தியம்’ என்னும் சொல் ஒரு நல்ல பாடமாகும். அது பித்தம் என்பதனடியாகப் பிறந்தது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றனுள் ஒன்று மிகுந்தால் அறிவு திரியும் என்று பண்டை மருத்துவர் கருதினர். அவர் கூறிய காரணம் இன்று நில்லாதாயினும், சித்தம் கலங்குதலை உடம்பின் பிணியென்றே கொண்ட தெளிவு அச்சொல்லிற் பொதிந்துகிடக்கின்றது. மருத்துவத்திற் பிறந்த சொல் நாளடைவில் வசையாயிற்று. ஒருவன்மேல் அதனை ஒட்டிவிட்டால் அவன் இறக்குமளவும் நீங்காதென்பது உலகத்தார் எண்ணம். மூளையைப் பற்றி அறிஞர் கண்ட உண்மைகள் இவ்வெண்ணத்திற்கு இடந்தருகின்றனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஜெர்மனி நாட்டு யேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர், 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவுசெய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். கண்மூடி அமைதியாயிருப்பார்க்கு விநாடிக்கு 8 முதல் 13 வரை எழும் அலை, கண்ணைத் திறந்தவுடன் தணிந்துவிடும். மூளையின் தொழில் கணந்தோறும் மாறுவதென்பது இதனாற் புலனாயிற்று.

கொடிய மனநோயிலும் இம்மாறுதல் உண்டு. மனச்சிதைவு நோயுற்றார் பலர்க்குப் பிறர் கேளாத குரல்கள் கேட்கும். 1993-இல் லண்டன் ஆராய்ச்சியாளர் இத்தகைய 12 பேரைக் குரல் கேட்குங்காலத்தும், அது ஓய்ந்த பின்னரும் ஆராய்ந்தனர். கேட்குங்காலத்து, பேச்சுக்குத் துணைசெய்யும் ‘புரோக்கா’ பகுதியில் இரத்தவோட்டம் மிகுந்திருந்தது, ஓய்ந்தபின் குறைந்திருந்தது. ஆகவே அக்குரல் நோயாளர் புனைந்த பொய்யன்று என்பதும், அந்நிலை நிலையாக நிற்பதன்று என்பதும் ஒருங்கே விளங்கும்.

அங்ஙனமாயின், மூளையைப் படம்பிடித்தே நோயைத் துணியலாமே என்பார் உளர். அது நன்னூலார் விலக்கிய மிகைபடக் கூறலாம். பலரைச் சேர்த்து நோக்குமிடத்துத் தோன்றும் வேறுபாடு, ஒருவரைத் தனித்து நோக்குமிடத்துத் தெளிவாய்ப் புலப்படாது. படம், மூளைக்கட்டி போன்ற பிற நோய்களை விலக்க உதவும். மனச்சிதைவைத் துணிவதோ, இன்றும் மருத்துவர் நோயாளரிடத்தும் வீட்டாரிடத்தும் பொறுமையாய்க் கேட்டறிவதனாலேயே ஆகும்.

1952-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அவ்வாண்டிற் புதுவையில் பிரெஞ்சு ஆட்சியே நடந்தது. இன்றோ நம் ஊர் ஜிப்மர் மருத்துவமனையில் மனநோய்க்கெனத் தனிப் பிரிவே உண்டு. மருந்து வந்த அளவிற்கு மக்கள் மனம் மாறிற்றில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பிடம் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே விலக்கியது. சட்டம் இரும்பை விலக்கும். வசையை விலக்க வேண்டியவர் நாமே.

மனச்சிதைவு பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையிலே தலைகாட்டுவது. அது நம் வயதன்றோ? உடன்பயிலும் ஒருவர் உறக்கமிழந்து, நண்பரை ஐயுற்று, வகுப்பை விட்டொதுங்குவாராயின், அவரை நகையாடாது ஆசிரியர்க்கும் வீட்டார்க்கும் அறிவித்து மருத்துவரிடம் அழைத்தேகல் நம் கடன். சிகிச்சை தாழ்க்குந்தோறும் குணமடைதல் அரிதாகும்.

அவர் குணமுற்று மீண்டுவரும்போது செய்யத்தக்கது ஒன்றுண்டு. அவர் விட்ட படிப்பைத் தொடரக் கல்லூரி இடமளித்தல் வேண்டும். அவர் இருந்த பலகையில் நாம் அவருக்கு இடம்விடல் வேண்டும். நோய் மறுபடியும் வாராதோ எனின், சிலர்க்கு வரும்; சிலர்க்கு நெடுநாள் நிற்றலும் உண்டு. நீரிழிவும் ஆஸ்துமாவும் அத்தகையனவே; அவை பற்றி எவரையும் கல்லூரியினின்று விலக்குவாரில்லை.

நோயுற்ற மூளையும் மாறக் காண்கின்றோம். நோயற்ற நம் நாவும் மாறுக. விடுதியிலும் வகுப்பிலும் அப்பழைய வசைச்சொல்லை இவ்வாண்டே விட்டொழிப்போமாக.